வேர் என்று சொன்னேன்

தோட்டத்து மருத்துவிச்சியாக வேலைக்குச் சேரப்போகும் உங்களுக்குப் பிரசவம் பார்ப்பது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வருகிறீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள். என் கையில் பிறந்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு வந்து நின்று நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். அங்கம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்று விட்டதை இப்போது எழுதுகிறேன். என்மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

நாடு சுதந்திரம் பெற்று ஐந்தாறு வருடம் ஆகியிருந்த காலம். அங்கம்மா மேல் டிவிஷன் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகள் ஒன்றில், இருந்தாள். கொழுந்து பறிப்பவள். வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். தாய் வீட்டில் கருவாடு, கவுச்சி எல்லாம் உண்டு. வாக்கப்பட்டு வந்த வீடு அப்படி இல்லை. அவள் புருஷன் வீரையா லயத்துப் பஜனைக்கு முன்னால் நின்று பாடுகிறவன். அவன் அப்பா காலத்திலிருந்தே அந்த ஒற்றையறைக் காம்பராவுக்குள் மீன் வாசம் நுழைந்ததில்லை. காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும், பகலில் சோறும் பருப்பும், பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் அவர்களே போட்ட முட்டைக்கோவாவும். நல்ல சாப்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். அந்த லயத்திலேயே துப்புரவான அடுப்படி அவர்களுடையது.

கலியாணமாகி மூன்றாம் வருடம் அவள் கழுத்தின் முன்பக்கம் உப்பியிருந்ததைப் பார்த்தேன். வலி இல்லை. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வாள். நம் மலையில் அப்படிக் கழுத்தோடு பல பெண்கள் இருந்தார்கள். 'கழுத்துக் கட்டி' என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அவளுடைய முதல் பிள்ளை என் கையில்தான் பிறந்தது. பெண் குழந்தை. அழுகை கரகரவென்று வந்தது. நாக்கு தடித்திருந்தது. முலையை வாயில் வைத்தால் உறிஞ்சாமல் தூங்கிவிடும். தொட்டால் எப்போதும் குளிர்ந்திருக்கும். லயத்தில், "புள்ள ரொம்ப சாது, அழுறதே இல்ல" என்று புகழ்ந்தார்கள். எட்டாம் மாதத்தில் நெஞ்சுச் சளி வந்து பிள்ளை போய்விட்டது. அதுவரை அதற்குத் தலை நிற்கவில்லை.

அந்தக் காரியம் முடிந்த பிறகு அங்கம்மா கோயிலுக்குப் போய் ஒரு நேர்த்தி வைத்தாள். அடுத்த பிள்ளை பிறந்து, எழுந்து நடக்கும்வரை, மீன் பட்ட பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று. அதுவரை புருஷன் வீட்டு வழக்கமாக இருந்தது அன்றைக்கு அவளுடைய சொந்த வாக்காக ஆனது. இந்த வித்தியாசம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவள் மறுபடி உண்டானபோதுதான் எனக்குள் பயம் வந்தது. பயிற்சியில் படித்த ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. அயடீன் என்ற ஒன்று உடம்புக்கு மிகக் கொஞ்சமாவது வேண்டும். அது போதாவிட்டால் கழுத்து வீங்கும். கர்ப்பிணிக்குப் போதாவிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளையும் காதும் வளராமல் போகலாம். கடலில் அது நிறைய இருக்கிறது. மலை மண்ணை மழை கழுவிக்கொண்டே இருப்பதால் இங்கே விளையும் காய்கறியில் குறைவு. கோவாவும் மரவள்ளியும் அளவுக்கு மிஞ்சினால், உள்ள கொஞ்சத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. பாடத்தின் கடைசியில், 'கடல் மீன் சாப்பிடச் சொல்லவும்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் மருந்துக் காம்பராவில் புண்ணுக்குப் போடும் டிங்சர் அயடீன் போத்தல் ஒன்று இருந்தது. அது குடிக்கக் கூடாதது என்று மட்டும் எனக்குத் தெரியும். குடிக்கக் கூடிய அயடீன் எங்காவது கிடைக்குமா என்று யாரிடமும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்வர ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளை நான் செலவழிக்கவில்லை.

ஒரு தடவை அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அங்கம்மா, கொஞ்சம் கருவாடு சேத்துக்க புள்ள. வயித்துப் புள்ளைக்கு நல்லது."

இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அப்படிச் சொல்லாதீங்கம்மா. கேட்டாலே பாவம்."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கருவாட்டில் என்ன இருக்கிறது, அது ஏன் வேண்டும், முதல் பிள்ளைக்கு என்ன குறை இருந்திருக்கலாம் என்று எதையும் நான் சொல்லவில்லை. லயத்துப் பெண்ணுக்கு இதெல்லாம் விளங்காது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நானும் லயத்தில் பிறந்தவள்தான். வெள்ளை உடுப்பு போட்டு நாலு வருடத்தில் அதை மறந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தலவாக்கலைக் கடைத்தெருவில், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் கடைக்குப் போனேன். பலசரக்கோடு கருவாடும் மாசியும் விற்கிற கடை. மாசி உங்களுக்குத் தெரியும். அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த மீன். காய்ந்த மரத்துண்டு மாதிரி இருக்கும். முள் கிடையாது. அரை றாத்தல் வாங்கி வந்து வறுத்து இடித்தேன். மிளகு, கொத்தமல்லி, சீரகம், நிறையப் பூண்டு, கொஞ்சம் பெருங்காயம் சேர்த்தேன். வாசம் தெரிகிறதா என்று நானே முகர்ந்து பார்த்துப் பார்த்து மசாலாவைக் கூட்டினேன். கருப்பத்துப் பொடி என்று பெயர் வைத்து ஒரு தகர டின்னில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அங்கம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். "இதுல கவுச்சி எதுவும் இல்லியேங்கம்மா?"

அவள் நேராகக் கேட்டாள். அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நான் சொல்லாமல் விட்டேன் என்று பின்னாளில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன்.

"இல்ல புள்ள. மொளகு, மல்லி, பூண்டு. அப்பறம் ஒரு வேரு. நல்ல வேரு."

"நீங்க சொன்னாச் சரிதாம்மா" என்று டின்னை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பொடியைக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி சோற்றில் போட்டுச் சாப்பிட்டாள். கழுத்து வீக்கம் குறைந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. தோன்றவேண்டும் என்று விரும்பினேன். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. எவ்வளவு சாமர்த்தியமாக ஒரு உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் மாதம். பெருமழை. கீழ் டிவிஷனில் இரட்டைப் பிள்ளைப் பிரசவம் ஒன்றில் தாய்க்குச் சன்னி கண்டு, பத்து நாள் அங்கேயே இருந்துவிட்டேன். அதற்குள் அங்கம்மாவின் டின் காலியாகிவிட்டது. அடியில் சரியாக இடிபடாத ஒரு சில்லு கிடந்திருக்கிறது. சுண்டுவிரல் நகமளவு, கருப்பாக, மரப்பட்டை மாதிரி. நர்சம்மா சொன்ன வேர் இதுதான் என்று அதை எடுத்துத் துணியில் முடிந்துகொண்டாள். அவளுக்கு அந்தப் பொடியில் அவ்வளவு நம்பிக்கை. ஒரு நாளும் விடக்கூடாது என்று, வயிற்றைத் தூக்கிக்கொண்டு மழையில் கடைத்தெருவுக்கு நடந்திருக்கிறாள். அங்கே நடந்ததை நானாவே பிறகு எனக்குச் சொன்னார்.

"நானா, இந்த வேரு ஒங்ககிட்ட இருக்குங்களா?" என்று முடிச்சை அவிழ்த்துக் காட்டினாளாம்.

நானா அதை எடுத்து முகர்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறார். "வேரா? மாசி புள்ள இது. நர்சம்மா கிழமைக்குக் கிழமை நம்மகிட்டத்தானே வாங்குறாங்க."

அவள் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். தண்ணீர் கொடுத்தபோது வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாளாம்.

"எனக்குத் தெரியாது நர்சம்மா, தெரிஞ்சிருந்தா வாயைத் தொறந்திருக்க மாட்டேன்" என்று நானா வருத்தப்பட்டார். "நீங்க உண்மையைத்தானே சொன்னீங்க நானா" என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

நான் திரும்பி வந்த அன்று மருந்துக் காம்பரா வாசலில் அந்த டின் இருந்தது. சாம்பல் போட்டு விளக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். பக்கத்திலேயே அங்கம்மா நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?"

புள்ளைக்காகத்தான் என்றேன். அயடீன், மூளை, கழுத்து என்று அப்போது எல்லாவற்றையும் அவசர அவசரமாகக் கொட்டினேன். மூன்று மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியவை. அவள் முழுவதும் கேட்டாள். அவளுக்கு விளங்கியது. அதை அவள் முகத்தில் பார்த்தேன். அதுதான் என்னை அதிகம் சுட்டது.

"எங்கிட்டக் கேட்டிருந்தா, சாமிகிட்டப் பூப்போட்டுப் பாத்திருப்பேனேம்மா. சாமி உத்தரவு குடுத்திருந்தா மீனையே தின்னிருப்பேன். புள்ளைக்கு மேலயா எனக்கு நேத்தி?"

போய்விட்டாள்.

மறுநாளே பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர். நடந்த எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் பிள்ளை, அயடீன் மீனிலை மட்டும்தானோ இருக்கு?" என்றார். அலமாரியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். "இது மண்ணிலையிருந்து எடுக்கிற உப்பு. தண்ணியிலை கரைச்சது. மீனுமில்லை, மாடுமில்லை. சைவக்காரருக்கு ஒரு தடையும் இல்லை. எவ்வளவு குடுக்கவேணும் எண்டு நான் எழுதித் தாறன். கூடக் குடுத்தாலும் கேடு."

அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். நானா கடையில் ஜெல்லி செய்ய விற்கும் கடற்பாசி உதவுமா என்று கேட்டேன். கடலில் முளைப்பதில் அயடீன் உண்டு, ஆனால் வெளுத்துக் காயவைத்து அவித்ததில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, கர்ப்பிணிக்கு அதை நம்பியிருக்கக் கூடாது என்றார். புறப்படும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீர் அந்தப் பெட்டையிட்டை ஒருக்காலாவது கேட்டனீரோ?"

இல்லை என்றேன். அவர் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

மாலையில் லயத்துக்குப் போய் அங்கம்மாவிடம் போத்தலை நீட்டினேன். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். இது உப்பு, மண்ணிலிருந்து எடுப்பது, மீன் கிடையாது. அவள் வாங்கவில்லை.

"மீனு இல்லன்னு நீங்க சொல்றீங்க. அன்னைக்கும் இல்லன்னுதான் சொன்னீங்க. நான் எதை நம்புறதும்மா?"

அதற்கு உங்களில் யாராவது என் இடத்தில் இருந்து ஒரு பதில் யோசித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். இத்தனை வருடமாகியும் எனக்குக் கிடைக்கவில்லை.

பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. லயத்துப் பெண்களை வைத்தே பெற்றாள். ஆண் பிள்ளை. பக்கத்துக் காம்பராவுக்கு வேறு வேலையாகப் போவதுபோல் போய்க் காது கொடுத்தேன். கணீரென்று அழுதான். பிறகு, தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவின் மடியில் இருக்கும்போது தூரத்திலிருந்து பார்ப்பேன். நாலாம் மாதம் தலை நின்றது. சத்தம் கேட்டுத் திரும்பினான். ஆளைப் பார்த்துச் சிரித்தான். நான் கொடுத்த பொடியால்தான் இப்படி என்று சொல்லிக்கொள்ள ஆசை. அது எனக்குத் தெரியாது. எவராலும் சொல்ல முடியாது. பிள்ளை நன்றாக இருந்தான், அவ்வளவுதான்.

அங்கம்மா என் பக்கம் வரவேயில்லை. அவள் மட்டுமல்ல. மேல் டிவிஷன் பெண்கள் நான் கொடுத்த வயிற்றுப் பூச்சி மருந்தைக்கூட வாங்கி, வழியில் கொட்டினார்கள். ஊசி என்றால் கதவைச் சாத்தினார்கள். ஒரு டின் பொடி நான் அதுவரை சேர்த்த பெயரைத் தின்றுவிட்டது.

அவனுக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது வயிற்றோட்டம் கண்டது. சுவரைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தான். இரண்டு நாள் வீட்டு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலை பக்கத்துக் காம்பராக்காரி ஓடிவந்து சொன்னாள். போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"அங்கம்மா, நான் மருந்து குடுக்கல. புள்ளையைப் பாக்க மட்டும் விடு. லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வேணாம்மா. போயிருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிள்ளையின் சத்தம் கேட்கவில்லை.

இப்போது நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். தோட்டத்துத் துரையின் பங்களா பத்து நிமிட நடை. துரையிடம் சொன்னால் ஆளை அனுப்பிக் கதவைத் திறக்கவைப்பார். அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. வீரையா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் இருந்தான். போய் அழைத்துவர ஒரு மணி நேரம் ஆகும். வாசலில் நின்று யோசித்தேன். ஏற்கெனவே ஒரு முறை அவளைக் கேட்காமல் அவள் உடம்புக்குள் கைவைத்தவள் நான். இன்றும் ஆள் பலத்தோடு உள்ளே நுழைவதா? முடியாது என்று தோன்றியது. வீரையாவைத் தேடி மலை ஏறினேன்.

அவன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவன் குரலுக்கு அவள் கதவைத் திறந்தாள். பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். நான் பின்னால் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். அங்கம்மா பிள்ளையை என்னிடம் தரவில்லை. பாதி வழியில் லொறிக்காரனைப் பார்த்து, "நிறுத்துங்கண்ணே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பொய் சொன்னது தவறு என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அந்த வாசலில் நின்று நான் எடுத்த முடிவு சரியா தவறா என்று இன்றுவரை தெரியாது. அந்த ஒரு மணி நேரம் அவனைக் காப்பாற்றியிருக்கலாம். காப்பாற்றாமலும் போயிருக்கலாம். ஒரு பிள்ளையின் உயிர் என்று வந்தால் கதவை உடையுங்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் உங்களைக் கண்டதும் கதவைத் தாழ் போடுகிற நிலைக்கு அதற்கு முன்பே கொண்டுபோய்விடாதீர்கள். அங்கேதான் நான் அவனை இழந்தேன்.

அதன்பின் எந்த மருந்தையும் முகத்துக்கு நேரே சொல்லாமல் கொடுத்ததில்லை. போத்தலைத் திறந்து காட்டுவேன். எதிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் தெரியாது என்பேன். மீன் சாப்பிடாத வீடுகளில், கழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அடுப்பைப் பற்றிக் கேட்பேன். சிலர் கோயிலில் கேட்டுவிட்டு வருகிறோம் என்பார்கள். போய்வரச் சொல்லிக் காத்திருப்பேன். பெரும்பாலும் சாமி உத்தரவு கொடுத்தது.

மூன்று வருடம் கழித்து அங்கம்மா வந்தாள். மறுபடி உண்டாகியிருந்தாள். வீரையா வெளியே மரத்தடியில் நின்றுகொண்டான். அவள் உள்ளே வந்து பெஞ்சில் உட்காரவில்லை. கழுத்து முன்னைவிடப் பெருத்திருந்தது.

"அந்தச் சொட்டு மருந்து இன்னும் இருக்குங்களா?"

இருக்கிறது என்றேன். மூடியைத் திறந்து அவள் கையில் போத்தலைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திருப்பி நீட்டினாள்.

"மொதல்ல நீங்க குடிங்க."

டாக்டர் எழுதித் தந்த அளவைத் தண்ணீரில் விட்டு, அவள் முன்னாலேயே குடித்தேன். பிறகு அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன். அன்று மட்டும் என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் வந்து அதே மாதிரி நின்றாள். அதற்கடுத்த கிழமையும். பிள்ளை பிறக்கும்வரை, கிழமைக்கொரு தடவை, நான் முதலில் குடித்தேன். அது என் தொண்டைக்குள் இறங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகுதான் தன் கையை நீட்டுவாள்.